காலண்டர் அட்டை

2022 அக்டோபர், தீபாவளிக்கு முந்தைய வாரம். எங்கள் வீட்டில் வருஷத்திலேயே அதிகமாகப் போன் அடிக்கும் வாரம் அதுதான். பட்டாசுக் கடைக்காரருக்குத் தீபாவளி எப்படியோ, சீயக்காய்த் தூள் அரைத்து விற்கிற எங்களுக்கும் அப்படி. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டார். சரக்குக்குத்தான் என்று நினைத்து அப்பா பேனாவை எடுத்தார்.

"ஏனுங்க, உங்க புதுப் பாக்கெட்டுல நுரையே வரலீன்னு ரெண்டு பொம்பளைங்க திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. பச்சைக் கவரு வேண்டாமுங்க, பழைய மஞ்சளே போடுங்க" என்றார் அவர்.

நாங்கள் பச்சைக் கவர் போட்டதே இல்லை.

சத்தியமங்கலத்திலிருந்து கோபி ரொம்ப தூரமில்லை. அன்று மாலையே போய் அந்தப் பாக்கெட்டை வாங்கி வந்தேன். எங்களுடைய பெயர் ஓர் அம்மன் பெயர். அந்தப் பாக்கெட்டில் இருந்ததும் பெண் பெயர்தான், நடுவில் ஓர் எழுத்து மட்டும் வேறு. இரண்டு பெயர்களையும் இங்கே எழுதினால் ஒரே வரியில் உங்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தில், மற்றவர் பெயரைப் பொதுவில் இழுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஒன்றைச் சொன்னால் மற்றதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் இரண்டுமே இல்லாமல்தான் இந்தக் கதை.

அப்பா பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "பூலாங்கெழங்கே இல்ல அம்மிணி" என்றார். அவருடைய முதல் கோபம் அதுதான். பெயரைப் பற்றிய கோபம் பிறகுதான் வந்தது.

பாக்கெட்டில் பெயருக்கு மேலே சின்னதாக டிஎம் என்று போட்டிருந்தது, டிரேட் மார்க், அதாவது வணிகச் சின்னம் என்பதன் சுருக்கம். அதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் கிடையாது, யாரும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போடுவதுதான் பதிவான பிறகு மட்டும் செய்ய வேண்டியது. பதிவாகாமல் போட்டால் குற்றம். டிஎம் என்பதைப் பார்த்ததும் விண்ணப்பித்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்து, டிரேட் மார்க் பதிவகத்தின் இணையத் தேடலில் அந்தப் பெயரைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பெயர் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் குழி இருக்கிறது. தேடல் ஆங்கில எழுத்தில்தான் நடக்கிறது. சும்மா ஓர் உதாரணத்துக்கு, பெயர் 'குழலி' என்று வைத்துக்கொள்ளுங்கள். ழகரத்துக்கு ஒருவர் இசட் எச் போடுவார், ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் வெறும் இசட் போடுவார். குகரத்துக்கு யூ போதும் என்பார் ஒருவர், இரண்டு ஓ வேண்டும் என்பார் மற்றவர். கடைசியில் ஐ-க்குப் பதில் ஒய் வரும். எண்கணிதம் பார்த்தவர்களாக இருந்தால் எங்கோ நடுவில் உச்சரிப்பே இல்லாத ஒரு எச் உட்கார்ந்திருக்கும். நான் தேடியது நேர் எழுத்துத் தேடல். ஒலிப்பு வைத்துத் தேடுகிற வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. மறுநாள் சென்னையிலிருக்கும் வக்கீல் அம்மா அதில் தேடி ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார். எண்கணித எச் இருந்தது. 2021-ல் விண்ணப்பித்திருக்கிறார்கள், 3-ஆம் வகுப்பு, அதாவது சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எல்லாம் அடங்குகிற வகுப்பு. பதிவகத்தின் பரிசோதனை முடிந்து, 2022 ஜூலை மாதத்து ஒரு திங்கட்கிழமை டிரேட் மார்க் இதழில் விளம்பரமும் ஆகிவிட்டது.

"இன்னும் இருபத்துமூணு நாள் இருக்கு" என்றார்.

இந்த இதழ் வாராவாரம் திங்கட்கிழமை வருகிறது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் உள்ள பிடிஎஃப். ஒரு சின்னத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று பதிவகம் முடிவு செய்ததும் இதில் போடுவார்கள். ஊரைக் கூட்டி 'இந்தக் கல்யாணத்தில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா' என்று கேட்பதைப் போல. விளம்பரமான நாளிலிருந்து நான்கு மாதம். அதற்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்கிறது வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-ன் 21-ஆம் பிரிவு. போட்டியாளராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் நான்கு மாதம் என்றால் நான்கு மாதம்தான். முன்பெல்லாம் மூன்று மாதமும், கேட்டால் இன்னொரு மாதமும் தருவார்களாம். இப்போது தவணை கேட்க வழியே இல்லை.

தவறவிட்டால் என்ன, பதிவான பிறகு நீக்கச் சொல்லிக் கேட்க முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் அது வேறு மாதிரியான மல்லுக்கட்டு என்றார். 'பீட்டர் ஸ்காட்' விஸ்கி கதையைச் சொன்னார். பெங்களூரின் கோடேஸ் நிறுவனம் 1968 முதல் அந்தப் பெயரில் விற்றது. ஸ்காட்லாந்தின் விஸ்கிச் சங்கம் 'ஸ்காட்' என்ற சொல் தங்கள் ஸ்காச்சை நினைவூட்டுகிறது என்று பதிவை நீக்கச் சொல்லி வந்தது 1986-ல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008-ல் முடிந்தது. இத்தனை வருஷம் தெரிந்தும் சும்மா இருந்துவிட்டு இப்போது வருவானேன் என்பது சங்கம் தோற்றதற்கு ஒரு முக்கியக் காரணம். "அவங்களுக்கே அந்தக் கதி" என்றார் வக்கீல் அம்மா. எங்கள் பாக்கெட் நூறு கிராம்.

அப்புறம் அவர் கேட்டார்: "உங்க பேரு ரிஜிஸ்டர் ஆயிருக்கா?"

ஆகியிருக்கிறது என்று பெருமையோடு சொன்னேன். அப்பா 1994-ல் விண்ணப்பித்து வாங்கிய சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாப் பெட்டிக்கு மேலே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி. படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார். அந்தப் பதிவு உயிரோடு இல்லை.

அது 1958-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தில் வாங்கியது. அந்தச் சட்டத்தில் பதிவின் ஆயுள் ஏழு வருஷம். பத்து வருஷம் என்று ஆனது புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2003 செப்டம்பருக்குப் பிறகுதான். எங்களுடையது 2001-ல் புதுப்பித்திருக்க வேண்டியது. அந்தச் சமயத்தில் ஆலையைக் கடைவீதியிலிருந்து ஊருக்கு வெளியே மாற்றினோம், முகவரி மாற்றத்தை யாரும் பதிவகத்துக்குத் தெரிவிக்கவில்லை. பதிவேட்டில் பெயர் எடுபட்டு இருபது வருஷம் ஆகிறது. நாங்கள் இருபது வருஷமாகச் செத்துப்போன காகிதத்துக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னபோது அவர் ஏணியைப் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். திரும்ப மாட்டவில்லை.

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. பதிவு இல்லாவிட்டாலும், அவர்களுக்கு முன்பிருந்தே தொடர்ந்து அந்தப் பெயரில் விற்றுவருகிறோம், அந்தப் பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருக்கிறது, அவர்கள் விற்பதை எங்களுடையது என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறார்கள் என்று காட்டினால் எதிர்ப்பு நிற்கும். அவர்களுடைய விண்ணப்பத்திலேயே 2016 முதல் விற்பதாகத்தான் போட்டிருந்தது. அப்பா ஆரம்பித்தது 1987.

டிஎம்-ஓ படிவத்தில் எதிர்ப்பு மனு போனது. இணையத்தில் போட்டால் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய், தாளில் கொடுத்தால் 3,000. அதே வாரம் எங்கள் பெயருக்கும் புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டோம். சிறு நிறுவனம் என்பதால் 4,500. அதற்குச் சில மாதங்களில் பரிசோதனை அறிக்கை வந்தது. உங்கள் பெயரைப் பதிய முடியாது, இதைப் போன்ற பெயர் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது என்று, கூடவே ஒரு பட்டியல். பட்டியலில் முதலில் இருந்தது அந்தப் பச்சைக் கவர். எங்கள் பெயர் அவர்கள் பெயரைப் போல இருக்கிறதாம். அம்மா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

எதிர்ப்பு மனுவின் நகல் கையில் கிடைத்து இரண்டு மாதத்துக்குள் எதிர்த்தரப்பு பதில் அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நிறைய மனுக்கள் அங்கேயே முடிந்துவிடும், பதிலே வராது என்று வக்கீல் அம்மா ஆறுதல் சொல்லியிருந்தார். எங்களுக்குப் பதில் வந்தது. ஒன்பது பக்கம். சுருக்கிச் சொன்னால் நான்கு விஷயம்: உங்கள் பதிவு காலாவதி; பெயர் சாமி பெயர், சாமி யாருக்கும் சொந்தமில்லை; எங்கள் கவர் பச்சை, உங்களுடையது மஞ்சள்; இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் வேறு வேறு.

படித்தபோது எல்லாமே நியாயமாகத் தெரிந்தது. அதுதான் கலவரமாக இருந்தது.

வக்கீல் அம்மா ஒரு தீர்ப்பை அனுப்பிப் படிக்கச் சொன்னார். மூக்குப்பொடி வழக்கு. சென்னையில் 'ஸ்ரீ அம்பாள்' என்று ஒரு மூக்குப்பொடி, பதிவான பெயர். 1958-ல் இன்னொருவர் 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயருக்கு விண்ணப்பித்தார், லேபிளில் நடுவில் ஆண்டாள் படம், பல மொழிகளில் பெயர். அம்பாள்காரர்கள் எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 1969-ல் முடித்துவைத்தது.

நம்மூர்க்காரர் யாரிடமாவது அம்பாளும் ஆண்டாளும் ஒன்றா என்று கேட்டால் அடிக்க வருவார். ஒருத்தி சிவனுடைய பாதி, இன்னொருத்தி ரங்கநாதனைக் கைப்பிடித்தவள். சைவமும் வைணவமுமாக நூற்றாண்டுக் கணக்கில் பேசித் தீராத தூரம் இடையில் இருக்கிறது. நீதிமன்றத்துக்கும் அது தெரிந்திருந்தது, தீர்ப்பிலேயே சொல்கிறார்கள். ஆனால் மூக்குப்பொடி வாங்குகிற எல்லோருக்கும் அது தெரிய வேண்டும் என்று என்ன கட்டாயம்? வாங்குபவர்களில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்தச் சொற்களின் வித்தியாசம் தெரியாது, வெறும் ஒலிதான். அம்பாள், ஆண்டாள். கடை வாசலில் நின்று, பின்னால் பஸ் ஹார்ன் அடிக்க, ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். படங்கள் வேறாக இருந்தாலும் போதாது, கண்ணோடு காதையும் கேட்க வேண்டும் என்று சொல்லி அம்பாள் பக்கம் தீர்ப்பானது. குழம்பிப்போனதாக ஒரு வாடிக்கையாளரைக்கூடக் காட்டவில்லையே என்ற வாதமும் எடுபடவில்லை. ஆண்டாள் பொடி சந்தைக்கு வந்து அதிக நாள் ஆகாததால் சாட்சி கிடைக்காமல் இருக்கலாம் என்றார்கள்.

பதில் அறிக்கையின் மூன்றாவது, நான்காவது வாதங்களுக்கு என் பயம் அன்றோடு போனது. எங்கள் சரக்கைக் கவர் பார்த்து யாரும் எடுப்பதில்லை. புளியம்பட்டி வியாழன் சந்தையில் போய் நின்று பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, ஒரு பெயரைக் கத்துவார்கள். கடைக்காரர் திரும்பாமலேயே பின்னால் தொங்குகிற சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். நடு எழுத்தெல்லாம் அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கிறது?

இதே தடத்தில் அதற்கு முந்தைய ஒன்று, 1962-ல். தலைவலி, வயிற்றுப்போக்குக்கெல்லாம் கொடுக்கிற 'அம்ரித்தாரா' என்ற மருந்து. அதற்குப் போட்டியாகப் பதிவு கேட்டு வந்த பெயர் 'லக்ஷ்மண்தாரா'. ஒன்று அமுதத்தின் தாரை, மற்றது லட்சுமணனின் தாரை. சமஸ்கிருதம் தெரிந்தவருக்கு இவை பக்கத்தில்கூட வராது. ஆனால் மருந்து வாங்குகிற சாதாரண மனிதன் சொல்லைப் பதம் பிரித்துப் பொருள் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான், முழுச் சொல்லின் சத்தத்தையும் மங்கலான ஒரு நினைவையும் வைத்துத்தான் வாங்குவான் என்றது நீதிமன்றம். இரண்டு பாக்கெட்டையும் மேஜைமேல் அருகருகே வைத்து ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற விளையாட்டு இல்லை இது. ஒரு பாக்கெட் கையில் இருக்கிறது, இன்னொன்று ஒரு மாதத்துக்கு முன்னால் தீர்ந்து குப்பைக்குப் போன பாக்கெட்டின் ஞாபகம்.

ஆனால் அந்த வழக்கின் முடிவு அம்ரித்தாராவுக்கு முழு வெற்றி இல்லை. பெயர்கள் குழப்பம் தரும் என்று சொல்லிவிட்டு, லக்ஷ்மண்தாராவும் வருஷக்கணக்காக நாணயமாக விற்றுவந்தது, இவர்களும் தெரிந்தே சும்மா இருந்திருக்கிறார்கள் என்பதால், உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் என்று எல்லை போட்டு அதையும் பதியவிட்டார்கள். இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். பச்சைக் கவர் 2016-லிருந்து விற்கிறது. நாங்கள் ஆறு வருஷம் கவனிக்கவே இல்லை.

அதோடு நிற்காமல் வக்கீல் அம்மா எதிர்ப்பவர் தோற்ற வழக்கு ஒன்றையும் காட்டினார். எதிர்பார்ப்பைக் குறைத்து வைப்பது அவருடைய தொழில் தர்மம் என்று நினைக்கிறேன். கர்நாடகக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி'யை எல்லோருக்கும் தெரியும், 1985 முதல் இருக்கிறது. பெங்களூரில் 1989 முதல் 'நந்தினி டீலக்ஸ்' என்று உணவகங்கள் நடத்தியவர்கள் ஆங்கிலத்தில் ஓர் எச் சேர்த்து எழுதிய தங்கள் பெயருக்கு விண்ணப்பித்தார்கள். பால்காரர்கள் எதிர்த்தார்கள். பதிவகத்தில் எதிர்ப்புத் தள்ளுபடி. மேல்முறையீட்டு வாரியத்தில் பால்காரர்கள் ஜெயித்தார்கள். உயர் நீதிமன்றத்திலும் ஜெயித்தார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பாலும் பால் பொருள்களும் தவிர மற்றதற்கு உணவகம் பதிந்துகொள்ளலாம் என்றது. நந்தினி என்பது யாரும் புதிதாக உண்டாக்கிய சொல் இல்லை, சாமி பெயர், பசுவின் பெயர், சின்னங்களின் தோற்றமும் வேறு, சரக்கும் வேறு.

எங்களுக்கு ஒரே ஆறுதல், சரக்கு ஒன்று. அங்கேயும் சீயக்காய், இங்கேயும் சீயக்காய்.

சாமி பெயர் யாருக்கும் சொந்தமில்லை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஊதுவத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்டவரை 2015-ல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. நாங்களும் அம்மன் பெயரில் வேறு யாரும் மாவு விற்கக் கூடாது, பஸ் விடக் கூடாது என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற பெரிய கம்பெனிகள் உண்டு. எதிரில் இருப்பவர் வக்கீல் செலவுக்குப் பயந்து ஓடிவிடுவார் என்ற கணக்கில், துளி ஒற்றுமை இருந்தாலும் எல்லா விண்ணப்பத்துக்கும் எதிர்ப்பு மனு போட்டுக்கொண்டே இருப்பார்கள். அது எனக்குப் பிடிக்காத வேலை. எங்கள் மனுவில் தலைக்குத் தேய்க்கிற தூள் என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

பதில் அறிக்கை வந்த பிறகு ஆதாரம் காட்டுகிற கட்டம். இரண்டு மாதம். எதிர்ப்பவர் இந்தக் கட்டத்தில் ஆதாரமும் தராமல், மனுவில் சொன்னதே போதும் என்று எழுதியும் கொடுக்காமல் விட்டால், எதிர்ப்பையே கைவிட்டதாக ஆகிவிடும். விதிகளை நானே படித்துப் பார்த்தேன். விண்ணப்பித்தவர் தன் முறை வரும்போது ஆதாரம் தராமல் விட்டால் அப்படி ஒரு தண்டனை எழுதவில்லை. இது எனக்கு ஓரவஞ்சனையாகத்தான் படுகிறது.

அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம், அல்லது அம்மா அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று: பில்லைத் தூர எறிய மாட்டார். டிரங்குப் பெட்டியில் 1991-லிருந்து பில் புத்தகங்கள் இருந்தன. விற்பனை வரிக் காலத்து எண் போட்டவை, 2007-க்குப் பிறகு வாட் எண், 2017 ஜூலைக்குப் பிறகு ஜிஎஸ்டி. வக்கீல் அம்மா சந்தோஷப்பட்டார். ஆனால் வருஷ வாரியாக அடுக்கியபோது 1996 முதல் 2003 வரை ஒன்றும் இல்லை. ஆலை மாறிய பிறகு அந்த வருஷங்களின் பில் இருந்த பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. அடியில் மண்ணும் ஒரு துருப்பிடித்த ஸ்டேப்ளரும் மட்டும் கிடந்தன.

"எட்டு வருஷம் ஓட்டையா இருந்தா, நடுவுல விட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க. தொடர்ச்சி வேணும்" என்றார் அவர்.

யோசித்து யோசித்து அம்மாவுக்குத்தான் அது தோன்றியது. காலண்டர்.

எங்கள் சரக்கை எடுக்கிற கடைகளுக்கெல்லாம் தை பிறப்பதற்குள் ஒரு தினசரிக் காலண்டர் கொடுப்போம். மேலே சாமி படம், கீழே எங்கள் பெயர், நடுவில் தாள் கட்டு. வருஷம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் அட்டையை எறிய மாட்டார்கள், சாமி இருக்கிறதே. அப்பா ஒவ்வொரு வருஷமும் பண்ணாரி மாரியம்மனைத்தான் போடுவார். அந்த அம்மனை எங்கள் பக்கம் யார் குப்பையில் போடுவார்கள்?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அம்மாவும் ஸ்கூட்டரில் போனோம். சத்தி, கோபி, புளியம்பட்டி, பவானிசாகர். பழைய கடைகளில் போய், "அண்ணா, எங்க காலண்டர் அட்டை பழசு ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டோம். முதலில் எங்களைப் பைத்தியம் என்று நினைத்தார்கள், அப்புறம் வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் 1997-ஆம் வருஷத்து அட்டை தண்ணீர்க் குடத்துக்கு மூடி. ஒரு தையல்காரரிடம் 1999 அட்டை இருந்தது, அளவெடுத்து எழுதுகிற பரீட்சை அட்டையாக, மேலே கிளிப் மாட்டி. அவருடைய மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சையை அதில் வைத்துத்தான் எழுதினானாம். பையன் இப்போது திருப்பூரில் வேலை, அட்டையைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. ஒரு பாட்டி பூஜை அலமாரியில் 2001, 2002 இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குங்குமம் வைத்திருந்தார். அதைக் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அங்கேயே படம் எடுத்துக்கொண்டு, அவரிடம் ஓர் எழுத்துமூலம் வாங்கிக்கொண்டு வந்தோம். எல்லாம் சேர்த்துப் பதினொரு அட்டை. எட்டு வருஷத்தில் ஏழு வருஷம் கிடைத்தது. 1998 மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

எல்லாவற்றிலும் பழையது 1989. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "அப்ப அச்சுக் கூலி ஒன்னே கால் ரூவா" என்றார். 1987-க்கு எந்த அத்தாட்சியும் கிடைக்கவில்லை. தொடங்கிய நாளை அவர் தலையிலடித்துச் சத்தியம் செய்வார், பங்குனி உத்திரம். பிரமாணப் பத்திரத்தில் அதை எழுதிக்கொள்ளலாம், ஆனால் காட்டுகிற காகிதம் 1989-லிருந்துதான் என்று வக்கீல் அம்மா சொன்னபோது, தன் வாழ்க்கையில் இரண்டு வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டதைப் போல அவர் முகம் போனது.

தமிழில் இருக்கிற ஆவணம் என்றால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்த்துச் சான்றோடு கொடுக்க வேண்டும். எங்கள் பழைய கணக்குப்பிள்ளையின் கையெழுத்தை வாசிக்க அப்பா ஒருவரால்தான் முடியும். 'சீ.தூ. 10 டஜ, பா. 40, மாமூல்' என்று இருக்கும். சீ.தூ. சீயக்காய்த் தூள், பா. பாக்கி, 'மாமூல்' என்றால் வழக்கமான கழிவு. சென்னையில் மொழிபெயர்த்தவர் முதலில் அதை லஞ்சம் என்று பெயர்த்திருந்தார். நல்ல வேளை, அனுப்புவதற்கு முன்னால் நான் படித்தேன்.

கோபிக் கடைக்காரரின் பிரமாணப் பத்திரம்தான் கடைசியில் வந்தது. அவர் இரண்டு பாக்கெட்டும் விற்கிறவர். கோர்ட்டு, கேஸ் என்றால் எந்த வியாபாரிக்கும் தயக்கம் இருக்கும். அப்பா அவரை வற்புறுத்தவில்லை. பதினைந்து நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "நடந்ததத்தானுங்க சொல்லப்போறேன்" என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு பெண்கள் திருப்பிக் கொடுத்த பாக்கெட்டுகள், நுரை வராத கதை, 'உங்க புதுப் பாக்கெட்' என்று அவரே நம்பியது, எல்லாம் அதில் இருந்தது. இத்தனை வருஷம் எங்கள் சரக்கை விற்ற கடைக்காரரே குழம்பிப்போனார் என்பதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை. 2024 கடைசியில் விசாரணைத் தேதி வந்தது. கிண்டியில் இருக்கும் பதிவகத்துக்குப் போக வேண்டியிருக்கும், வெள்ளை வேட்டி இஸ்திரி போட வேண்டும் என்று அப்பா தயாராக இருந்தார். காணொலி விசாரணை என்றதும் அவருக்கு ஏமாற்றம். வேட்டியைக் கட்டிக்கொண்டே லேப்டாப் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார், காமிராவுக்குள் வராமல். நான்கு நிமிஷம். எதிர்த்தரப்பு வக்கீல் தவணை கேட்டார், கொடுத்தார்கள். இரண்டு தவணைக்கு மேல் கிடையாது, ஒவ்வொன்றும் முப்பது நாளுக்கு மிகாது.

இரண்டாவது தேதிக்கு ஒரு வாரம் முன்னால் பச்சைக் கவர்க்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் தம்பி, இருவருக்கும் முப்பது வயதுக்குள். நான் மனசில் வரைந்துவைத்திருந்த ஆட்கள் வேறு. பெயர் அவர்களுடைய பாட்டி பெயராம். விசைத்தறி நொடித்த பிறகு கடன் வாங்கி இதில் இறங்கியவர்கள். எங்கள் பாக்கெட்டைப் பார்த்ததே இல்லை என்று அண்ணன் சொன்னான். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. பாட்டியை நம்பினேன்.

"ஐயா, சிலிண்டர் போட்டாச்சுங்க, ஃபிலிம் ரோல் அடிச்சு வெச்சிருக்கோம்" என்றான் தம்பி. கவர் அச்சடிக்கிற சிலிண்டருக்கு ஆகிற செலவு இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்பா கேட்டது இரண்டே கேள்வி. ரோல் எத்தனை கிலோ இருக்கிறது? எத்தனை மாதத்தில் ஓடும்? ஆறு மாதம் என்றார்கள். சரி, ஆறு மாதம் விற்றுத் தீருங்கள், அதற்குள் வேறு பெயருக்கு மாறுங்கள், விண்ணப்பத்தை இப்போதே திரும்பப் பெறுங்கள் என்று முடிந்தது. ஆறு மாதம் ஜாஸ்தி என்று எனக்குத் தோன்றியது. வக்கீல் அம்மாவும் அதைத்தான் சொன்னார். அப்பா கேட்கவில்லை.

கிளம்பும்போது அப்பா அண்ணன்காரனைக் கூப்பிட்டு, "பூலாங்கெழங்கு போடுங்க தம்பி. நொரைக்குன்னு வேற எதையும் கலக்காதீங்க" என்றார்.

விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகப் பதிவகத்தின் பக்கத்தில் ஏறியது. கோபிக் கடையில் அவர்களுடைய புதுப் பெயர் தொங்குகிறது, அதே பச்சை, எங்கள் பெயருக்குக் கிட்டேயே இல்லாத பெயர். அட்டைகளைச் சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். தையல்காரர் கிளிப் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டார்.

அவர்கள் விண்ணப்பம் போனதும், எங்கள் பரிசோதனை அறிக்கையிலிருந்த பெரிய முட்டுக்கட்டை போயிற்று. விளக்கம் எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். போன திங்கட்கிழமை இதழில் எங்கள் பெயர் வந்திருக்கிறது. இனி நான்கு மாதம், யார் வேண்டுமானாலும் எங்களை எதிர்க்கலாம். அப்பா கல்லாவுக்கு மேலே தொங்குகிற தினசரிக் காலண்டரில் விரல்விட்டு எண்ணி, அந்தக் கடைசி நாளின் தாளை முக்கோணமாக மடித்து வைத்திருக்கிறார்.